சான்றுப் பொருள் ஒன்று: பட்டர் மோச்சி

எல்ராய்க்கு லைசென்ஸ் கிடைப்பது பதினோரு மாதம் தள்ளிப்போனதற்குக் காரணம் ஒரு பெட்டி பட்டர் மோச்சி. அதைச் செய்தவள் நான். அரிசி மாவு, தேங்காய்ப்பால், வெண்ணெய், முட்டை, சர்க்கரை. ஒரு மணி நேரம் வேகவைத்து, ஆறவிட்டு, சதுரமாக வெட்டிய இருபத்து நான்கு துண்டுகள்.

எல்ராய் இறந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. எங்கள் ஊரான ஹிலோவில் என்னைப் பார்க்கிறவர்கள் முதலில் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள், அப்புறம் இந்தக் கதையைக் கேட்கிறார்கள். ஆளுக்கொரு விதமாகவும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஒருவர் மோச்சி இல்லை, புகைபோட்ட பன்றிக்கறி என்கிறார். இன்னொருவர் எல்ராயைக் கைவிலங்கு போட்டு விமானத்தில் ஏற்றியதாகச் சொல்கிறார். நடந்த இடங்களில் எல்லாம் கூடவே இருந்தவள் நான் ஒருத்திதான். அதிலும் பாதி நேரம் மல்லாந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டு. ஆனாலும் எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

எல்ராய் குவேயா இருபத்தெட்டு வருடம் கார் பட்டறையில் டிங்கரிங்கும் பெயின்டிங்கும் பார்த்தவன். மோதி நசுங்கி வரும் கதவைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்து, எங்கே அடிபட்டது என்று சொந்தக்காரனுக்கே தெரியாதபடி திருப்பிக் கொடுப்பான். ஐம்பத்து மூன்று வயதில் டாக்டர் அவன் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு வருஷம் அந்தப் பெயின்ட் புகைக்குள்ள நின்னீங்கன்னா, மூணாவது வருஷம் நிக்க மாட்டீங்க" என்றார். எல்ராய்க்கு வேறு தொழில் தெரியாது.

அந்த வாரம் அவனுடைய சித்தி மகள் டோரீன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். ஊரில் சொந்தமாக அழகு நிலையம் வைத்திருப்பவள். அங்கே வருகிறவர்களுக்கு ஃபேஷியல் செய்துவிடும் பெண் லாஸ் வேகஸுக்குக் குடிபோய்விட்டாளாம். ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கிறது என்று புலம்பிக்கொண்டே இருந்தாள்.

"நீ வேணா வந்து உக்காரேண்டா எல்ராய்," என்றாள். "பட்டி பூசறது, தேய்க்கறது, பாலிஷ் போடறது. எல்லாம் ஒரே வேலைதானே. காருக்கு பதிலா மூஞ்சி."

அவள் கிண்டலுக்குத்தான் சொன்னாள். எல்ராய் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தான். திருமணத்துக்கு முன்புகூட அவன் என்னை அப்படி உற்றுப் பார்த்ததில்லை.

"இங்க ஒரு டொக்கு விழுந்திருக்கு," என்றான்.

"அது கன்னக்குழி."

"எப்பலேருந்து?"

"பொறந்ததுலேருந்து. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம் ஆச்சு, எல்ராய்."

"நீ சொல்லவே இல்லையே," என்றான்.

அடுத்த திங்கட்கிழமை அழகுக்கலைப் பள்ளியில் சேர்ந்துவிட்டான். அறுநூறு மணி நேரப் படிப்பு, முடிவில் லைசென்ஸுக்கான தேர்வு. வகுப்பில் மற்ற எல்லாரும் பத்தொன்பது, இருபது வயதுப் பெண்கள். அவன் உள்ளே நுழைந்ததும் ஏ.சி. ரிப்பேர் செய்ய வந்தவன் என்று நினைத்து மேலே கை காட்டினார்களாம். ஒரு மாதத்தில் அவன் எல்லாருக்கும் அங்கிள் ஆகிவிட்டான். கெஹாவ் என்று ஒரு பெண், அவனுக்குப் பக்கத்து மேசை. நான் மதியச் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் என்னிடம் புகார் சொல்வாள்.

"ஆன்ட்டி, அங்கிள் இன்னிக்கு என் நெத்தில விரலால தட்டித் தட்டிக் காது வெச்சுக் கேட்டாரு."

"ஏன் எல்ராய் அப்படி?"

"உள்ள பட்டி இருக்கான்னு பாத்தேன்," என்றான் எல்ராய். "பழக்கதோஷம்."

ஆனால் அவன் கை நன்றாக இருந்தது. எந்தத் தோலுக்கு எவ்வளவு அழுத்தம் என்று அந்தத் தடித்த விரல்களுக்குத் தெரிந்திருந்தது. அவனுடைய ஒரே குறை, பேசாமல் அவனால் வேலை செய்ய முடியாது. பட்டறையில் காரிடமே பேசுவான். பள்ளியில், படுத்திருக்கிறவர் யாரானாலும் அவர் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, அவருடைய மாமா எந்த மீன்பிடிப் படகில் இருந்தார் என்பதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகுதான் கிரீமைத் தொடுவான். தேர்விலோ மாடலாகப் படுத்திருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. மாடலும் பேசக் கூடாது. மாடல் நான்தான்.

டோரீன் ஒரு கெடு வைத்தாள். "நாற்காலிய வர்ற வருஷக் கிறிஸ்மஸ் வரைக்கும் வெச்சிருப்பேன். தீவுக்கு அந்தப் பக்கத்துலேருந்து கோனாக்காரி ஒருத்தி தினம் போன் பண்றா. நீ பெரியம்மா பையன்கறதுக்காக நான் வாடகைய முழுங்கிட்டு உக்கார முடியாது."

"ஜனவரிலயே பரீட்சை. பிப்ரவரில வந்து உக்காந்துடுவேன்," என்றான் எல்ராய்.

தேர்வு ஹோனலூலூவில். எங்கள் தீவிலிருந்து விடியற்காலை விமானத்தில் போக வேண்டும். ஹிலோவில் விமானம் ஏறுகிறவர்கள் யாராக இருந்தாலும் கையில் ஒரு பெட்டி இருக்கும். பல் பிடுங்கிக்கொள்ளப் போனாலும் பல் டாக்டருக்கு ஒன்று, விவாகரத்துக்குப் போனாலும் இரண்டு வக்கீல்களுக்கும் ஆளுக்கொன்று. அதனால் முந்தின நாள் எல்ராய் தன் சாமான்களைத் தனித்தனிப் பைகளில் போட்டுப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தபோது, நான் யோசிக்காமல் மோச்சிக்கு மாவு கலக்கினேன். அவனும் யோசிக்கவில்லை. பெட்டிக்கு நூல் கட்டியது அவன்தான்.

தேர்வு அறையில் பத்து மேசை, தேர்வெழுத வந்த பத்துத் தேர்வாளர்கள், பத்து மாடல்கள். கண்காணிப்பவர் பெயர் மிஸ் ப்ரூயிட். கடலுக்கு அப்பால் மெயின்லேண்டிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கையில் ஒரு தடித்த கோப்பு. அதில் எழுதியிருப்பதை மட்டும்தான் அவர் வாசிக்கலாம். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது என்பது விதி. "மாடல்கள் படுக்கவும்" என்று வாசித்தார். படுத்தோம். "மாடல்கள் கண்ணை மூடவும். எழச் சொல்லும்வரை எழக் கூடாது, பேசக் கூடாது." மூடினேன். இதற்கு மேல் நடந்ததெல்லாம் நான் காதால் கேட்டது.

எல்ராயின் காலடி முன்னால் போயிற்று. கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான் அவன் ஷூ போட்டிருந்தான், அதனால் சத்தம் நன்றாகத் தெரிந்தது. மேசையில் அட்டைப் பெட்டி வைக்கும் ஓசை.

"ஹிலோலேருந்து வர்றோம். எல்லாரும் சாப்பிடுங்க."

கோப்பில் காகிதம் புரளும் ஓசை. ரொம்ப நேரம் புரண்டது. அதற்கான வரி அதில் இல்லை போலிருக்கிறது.

"இது என்ன?" என்றார் மிஸ் ப்ரூயிட் கடைசியில்.

"மோச்சி. என் வீட்டுக்காரி செஞ்சது."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். ஆபீசுல எல்லாருக்கும்."

"எதுக்கு?"

ஐம்பத்து மூன்று வருடத்தில் எல்ராயை யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை. அவன் மூச்சு இழுப்பது எனக்குக் கேட்டது.

"எதுக்குன்னா... சாப்பிடறதுக்கு."

"மிஸ்டர் குவேயா, தேர்வு நடத்தறவங்களுக்குத் தேர்வாளர் எந்தப் பொருளையும் தரக் கூடாது. நான் இத எழுதியாகணும்."

"சரி, அப்ப எடுத்துக்கறேன்."

"எடுத்தீங்கன்னா, குடுத்துட்டுத் திரும்ப வாங்கிட்டதா எழுதணும். அதுக்கு வேற படிவம்."

"அப்ப இங்க இருக்கறவங்களுக்கு ஆளுக்கொண்ணு குடுத்துடறேன். உங்களுக்கு வேண்டாம்."

"அப்ப பத்துப் பேர் மேலயும் எழுதணும்."

"எனக்கு வேண்டாம்! எனக்கு வேண்டாம்!" என்று அறையின் எல்லா மூலையிலிருந்தும் குரல் வந்தது. என் பக்கத்து மேசையில் படுத்திருந்த மாடல் மட்டும் உதட்டை அசைக்காமல், "தேங்காய்ப்பால் போட்டதா?" என்று முணுமுணுத்தாள். நான் பேசக் கூடாதே என்று பேசாமல் இருந்தேன்.

எல்ராயை வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். வேறு ஒருவர் வந்து தேர்வை நடத்தினார். மாடல்களை எழுப்பும் வரி கோப்பின் கடைசிப் பக்கத்தில் இருந்ததால், செய்பவன் இல்லாத மேசையில் நான் இரண்டு மணி நேரம் தலையில் பட்டை கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். கொஞ்சம் தூங்கிவிட்டேன் என்றும் நினைக்கிறேன். எழுந்து வெளியே வந்தபோது எல்ராய் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். பெட்டி அவன் கையில் இல்லை.

"சாட்சிக்கு வெச்சிக்கிட்டாங்க," என்றான்.

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தேர்வு நடத்துபவரிடம் செல்வாக்குச் செலுத்த முயன்றதாகப் புகார். விசாரணை முடியும்வரை தேர்வு எழுதத் தடை. சான்றுப் பொருள் ஒன்று: உணவு, சதுரம், மஞ்சள், இருபத்து நான்கு. விசாரணைத் தேதி செப்டம்பரில்.

எட்டு மாதம் சும்மா இருக்க முடியாது. எல்ராய் மறுபடி பட்டறைக்குப் போனான். வாரம் மூன்று நாள்தான், முகமூடி போட்டுக்கொண்டுதான் என்றான். சாயங்காலம் வந்து காரை நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே உட்கார்ந்து இருமி முடித்துவிட்டு, அப்புறம் வீட்டுக்குள் வருவான். எனக்குக் கேட்காது என்று நினைத்திருந்தான். நூலகத்தில் வேலை செய்கிறவள் நான். தூரத்து இருமலையும் எண்ணிவிடுவேன்.

செப்டம்பர் வந்தது. விசாரணைக்கு முந்தின நாள் அவன் கொல்லையில் ஏணி போட்டு அவகாடோ பறித்துக்கொண்டிருந்தான்.

"அது யாருக்கு?" என்றேன்.

"நாளைக்கு வெறுங்கையோட எப்படிப் போறது?"

"லஞ்சம் குடுத்த கேசுக்கே லஞ்சம் கொண்டு போறியா நீ?"

"இல்ல ஹாரியெட், யோசிச்சுப் பாரு." ஏணியிலேயே நின்றுகொண்டு விளக்கினான். "போன தடவ கொண்டு போனது லஞ்சம் இல்லன்னுதானே சொல்லப் போறோம்? இப்ப நான் வெறுங்கையோட போனா என்ன அர்த்தம்? ஓகோ, மாட்டிக்கிட்டதும் நிறுத்திட்டான், அப்ப அது லஞ்சம்தான்னு ஆயிடாதா?"

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் ஹோனலூலூவில் விசாரணைக் கட்டடத்தின் வாசலில் அந்தப் பையை நான் பிடுங்கிக் காவலாளியிடம் கொடுத்தேன். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல், "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். தலைவர் மிஸ்டர் இகேடா, நாற்பது வருடம் முடிவெட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். மற்ற இருவரும் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. அவர்களில் ஒருவர் ஏன் திறக்கவில்லை என்பது பிறகு புரிந்தது. மிஸ் ப்ரூயிட் எதிரே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எழுத்தர் பெர்னி புகாரை வாசித்தாள்.

"சான்றுப் பொருளக் கொண்டு வாங்க," என்றார் இகேடா.

பெர்னி போனாள். நெடுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் என் பெட்டி இருந்தது. எல்ராய் கட்டிய நூல் இல்லை. அவள் அதை ஒற்றை விரலில் தூக்கிக்கொண்டு வந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மூடியில் "சான்று, தொடாதீர்" என்று சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்தது. உள்ளே எண்ணெய்க் காகிதமும் ஒரு மஞ்சள் துண்டுச்சீட்டும். இகேடா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சீட்டை வாசித்தார்.

"'ரொம்ப நல்லா இருந்தது. யார் கொண்டு வந்தீங்களோ, செய்முறை வேணும். மூணாவது மாடி.'"

சீட்டை மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்தார்.

"பெர்னி," என்றார் இகேடா மெதுவாக. "இத எங்க வெச்சிருந்தீங்க?"

"ஃபிரிட்ஜுலதான் சார். கெட்டுப்போயிடக் கூடாதேன்னு."

"எந்த ஃபிரிட்ஜுல?"

"எல்லாரோட ஃபிரிட்ஜுலதான். நம்மகிட்ட ஒண்ணுதானே இருக்கு."

"எவ்வளவு நாள் இருந்துது?"

பெர்னி தரையைப் பார்த்தாள். "அன்னிக்கு மத்தியானம் வரைக்கும்."

"தொடாதீர்னு எழுதியிருக்கே!"

"மூடி மேலதான் சார் எழுதியிருந்தது. மூடியத் திறந்தா பின்பக்கம் போயிடுதே."

இகேடா மிஸ் ப்ரூயிட் பக்கம் திரும்பினார். "இத நீங்கதான் உணவுன்னு எழுதியிருக்கீங்க. உணவுதான்னு எப்படி உறுதி பண்ணிக்கிட்டீங்க?"

மிஸ் ப்ரூயிட்டின் கழுத்து சிவந்தது. சிவப்பு மேலேறி நெற்றிக்குப் போயிற்று. "ஒரு துண்டு எடுத்துப் பார்த்தேன்," என்றார். "மூலைத் துண்டு. அடையாளம் காணறதுக்காக."

"மூலைத் துண்டுதான் நல்லா இருக்கும்," என்றான் எல்ராய்.

"நீங்க பேசக் கூடாது, மிஸ்டர் குவேயா."

"சரி சார்."

இகேடா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு ஒலிப்பதிவுக் கருவியை நிறுத்தச் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் குனிந்தார்.

"எனக்கு ரெண்டு," என்றார். "இதோ இவருக்கு மூணு." பக்கத்திலிருந்தவர் ஜன்னலைப் பார்த்தார். "இப்ப பாருங்க. அது லஞ்சம்னா, நாங்க எல்லாரும் வாங்கியிருக்கோம். மூணாவது மாடி உட்பட. வாங்கினவங்களத் தற்காலிகமா நீக்கணும். நீக்கற உத்தரவுல கையெழுத்துப் போட ஆள் வேணும். அந்த ஆளும் சாப்பிட்டிருக்கார். அது லஞ்சம் இல்லன்னா, எட்டு மாசமா இவர உக்கார வெச்சதுக்கு நாங்க காரணம் எழுதணும்." என்னைப் பார்த்தார். "நீங்கதான் செஞ்சீங்களா?"

"ஆமாம்."

"தேங்காய்ப்பால் ஒரு டின்னா, ரெண்டா?"

"ஒண்ணு. இன்னொண்ணு பாதி."

"அதான்," என்றார் அவர், தலையாட்டிக்கொண்டே. "என் மருமக ஒண்ணுதான் ஊத்தறா."

ஒலிப்பதிவு மறுபடி ஓடியது. தீர்ப்பு இப்படி: சான்றுப் பொருள் உட்கொள்ளப்பட்டுவிட்டபடியால் அதன் தன்மை குறித்து முடிவுக்கு வர இயலவில்லை. தடை நீங்குகிறது. டிசம்பரில் தேர்வு எழுதலாம். ஒரு நிபந்தனை: தேர்வாளர் பட்டியலில் உள்ள சாமான்களைத் தவிர வேறு எதுவும் கொண்டு வரக் கூடாது.

"வெறுங்கையோடயா?" என்றான் எல்ராய். துணியில்லாமல் வரச் சொன்னதுபோல இருந்தது அவன் முகம்.

"வெறுங்கையோட."

"நீங்கல்லாம் என்ன நினைப்பீங்க?"

"ஒண்ணும் நினைக்க மாட்டோம். வாய மூடிட்டு வாங்க, வாய மூடிட்டுப் போங்க."

வாயை மூடுவதுதான் பெரிய வேலையாக இருந்தது. டிசம்பர் தேர்வில் தவறினால் அடுத்தது மார்ச்சில். நாற்காலி கோனாக்காரிக்குப் போய்விடும், எல்ராய் வாரம் ஆறு நாளும் பட்டறைக்குப் போவான். இதை நாங்கள் இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. சமையலறை மேசையில் போர்வை விரித்து நான் தினமும் படுத்தேன், அவன் தினமும் பேசினான். மூன்று நிமிடத்துக்கு மேல் தாங்காது.

"ஹாரியெட், நாளைக்குக் குப்பை வண்டி வருமா?"

"ஃபெயில்."

"இது பேச்சா? கேள்விதானே."

"ஃபெயில், எல்ராய்."

டோரீன்தான் வழி கண்டுபிடித்தாள். உப்பும் புளிப்புமாக உலர்த்திய பிளம் பழம் ஒன்றை அவன் வாயில் போட்டாள். "கொட்டைய நாக்குக்கு அடில வெச்சுக்க. வெளில விழுந்தா நாற்காலி போச்சு." முதல் வாரம் ஆறு கொட்டை என் முகத்தில் விழுந்தது. இரண்டாவது வாரம் ஒன்று. மூன்றாவது வாரம் அவன் ஒரு முழு ஃபேஷியலையும் சத்தமில்லாமல் முடித்தான். நான் எழுந்து பார்த்தபோது அவன் கண்ணில் நீர் கட்டியிருந்தது. பழத்தின் புளிப்பு என்றான்.

டிசம்பர் பத்தாம் தேதி விமானத்தில் ஏறினோம். சாமான் பெட்டி ஒரு கையில். இன்னொரு கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பைக்குள் விட்டான், எடுத்தான், மறுபடி விட்டான். பணிப்பெண்ணுக்கு அவனைத் தெரியும், அவள் வண்டிக் கதவை அவன்தான் ஒருமுறை நிமிர்த்தியிருந்தான். "என்ன அங்கிள், யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டாள். கையில் ஒன்றும் இல்லாமல் அவள் அவனைப் பார்த்ததில்லை.

அதே அறை, அதே மிஸ் ப்ரூயிட், அதே கோப்பு. எல்ராயைப் பார்த்ததும் அவர் பார்வை முதலில் அவன் கைக்குத்தான் போயிற்று. அவன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். "மாடல்கள் படுக்கவும்" என்றார். படுத்தேன். கண்ணின்மேல் ஈரப் பஞ்சு வந்தது. அதற்கப்புறம் இருட்டும் அந்தக் குரலும்தான்.

அந்தத் தேர்வில் பாதி பாவனை. கிளென்சரும் துண்டும் உண்மை. மற்றதெல்லாம் இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். "மெழுகு சூடாக இருப்பதாகக் கொள்ளவும்." எல்ராய் இல்லாத மெழுகை மணிக்கட்டில் தொட்டுப் பார்த்து, ஊதி ஆறவைத்து, என் புருவத்துக்கு மேல் பூசினான். நான் கொஞ்சம் சுளித்தேன், சுட்டதுபோலவே இருந்தது. "முடி நீக்கப்பட்டதாகக் கொள்ளவும்." "தேர்வாளரின் விரலில் காயம்பட்டு இரத்தம் வருவதாகக் கொள்ளவும்." பத்து மேசையிலும் பத்துப் பேர் வராத இரத்தத்தைத் துடைத்துக் கட்டுப்போட்டார்கள். எல்ராயின் வயிறு மேசை ஓரத்தில் இடித்துக் குலுங்குவது தெரிந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடவுளே, வாயைத் திறந்துவிடாதே என்று நினைத்துக்கொண்டேன். அவன் திறக்கவில்லை.

முப்பத்திரண்டு வருடத்தில் இவ்வளவு நேரம் அவன் பேசாமல் இருந்து நான் கண்டதில்லை. கை மட்டும் வந்து வந்து போயிற்று. மோவாயிலிருந்து காதுவரை, காதிலிருந்து நெற்றிப்பொட்டுவரை. அது போய்விட்டுத் திரும்ப வரும்வரை ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் அவன் அறையில் இருக்கிறானா என்றே தெரியாது. வெந்நீர்த் துண்டு, குளிர்ந்த துண்டு, கிரீம். "தேர்வாளர்கள் சேவையை நிறைவு செய்யவும். ஒரு நிமிடம் உள்ளது."

எல்லாம் முடிந்துவிட்டது. அவன் செய்ய வேண்டியது ஒன்றும் பாக்கியில்லை. கையைச் சுத்தம் செய்துகொண்டு விலகி நிற்க வேண்டும், அவ்வளவுதான். அப்போது அவன் உள்ளங்கை என் நெற்றியில் வந்து படிந்தது. எந்தப் பாடத்திலும் இல்லாத அசைவு. அசையவும் இல்லை, சும்மா இருந்தது. கோப்பில் பேனா கீறும் ஓசை எனக்கு நன்றாகக் கேட்டது. போச்சு என்று நினைத்தேன்.

விமானத்தில் அவன் ஹோனலூலூவிலிருந்து ஹிலோவரை நிறுத்தாமல் பேசினான். மூன்று வாரம் சேர்த்து வைத்ததை எல்லாம் பேசினான். நெற்றியில் வைத்த கையைப் பற்றி மட்டும் நான் கேட்கவில்லை.

கிறிஸ்மஸுக்கு நான்கு நாள் முன்னால் கடிதம் வந்தது. பிரிக்கும்போது டோரீனும் இருந்தாள். எழுபத்தைந்து எடுத்தால் போதும், எல்ராய் எடுத்தது தொண்ணூற்றொன்று. டோரீன் அவன் முதுகில் ஓங்கி அறைந்தாள், அவன் இருமினான், அவள் அழுதாள். கோனாக்காரிக்கு எங்கள் போனிலிருந்தே தகவல் சொன்னாள்.

எல்ராய் இரண்டாவது பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தான். மதிப்பெண் குறைத்த காரணங்கள் அதில் இருந்தன.

"இதப் பாரு," என்றான். குரல் ஏறியது. "'மாடலின் நெற்றியில் அவசியமற்ற தொடுதல். சுமார் நான்கு வினாடி. இரண்டு மதிப்பெண்.' அவசியமற்றதாம்!"

"பாஸ் ஆயிட்டேடா," என்றாள் டோரீன். "போய் பியர் எடுத்துட்டு வா."

"அந்த ப்ரூயிட் கடிகாரம் வெச்சுப் பாத்திருக்கா. நான் அப்பீல் போடப் போறேன்."

"பாஸானதுக்கு எதிரா அப்பீல் போடற மொத ஆளு நீதான்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மறுநாளே படிவம் வரவழைத்தான். என்னைத் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார வைத்தான். பெயர், எண், தேதி எல்லாம் முடிந்து, "காரணம்" என்ற கட்டம் வந்தது.

"என்ன அடிக்கட்டும்?" என்றேன். "அது அவசியம்னு எப்படிச் சொல்லப் போறே?"

அவன் என் பின்னால் நின்றிருந்தான். வாயில் கொட்டை எதுவும் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன்.

"நீ கண்ண மூடிட்டுப் படுத்திருந்தே," என்றான். "கண்ணு மேல பஞ்சு வேற. நானும் பேசக் கூடாது. நான் போயிடல, இங்கதான் நிக்கறேன்னு உனக்கு வேற எப்படிச் சொல்றது?"

அதை அப்படியே அடித்தேன். கட்டம் சின்னது. "மாடல் கண்ணை மூடியிருந்தாள், தேர்வாளருக்குப் பேச அனுமதி இல்லை" என்பதோடு இடம் தீர்ந்துவிட்டது. காகிதத்தைத் திருப்பிப் போட்டு மீதியை, அவன் போய்விடவில்லை, இங்கேதான் நிற்கிறான் என்பதை, பின்பக்கத்தில் அடிக்கச் சொன்னான். அடித்தேன். கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்தான்.

ஜனவரி முதல் செவ்வாய்க்கிழமை டோரீனின் கடையில் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றான். முதலில் வந்தது கெஹாவின் அம்மா. அவருடைய மாமா எந்தப் படகில் இருந்தார் என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்கினான்.

மேல்முறையீட்டுக்குப் பதில் ஏப்ரலில் வந்தது, மிஸ் ப்ரூயிட் கையெழுத்தோடு. எல்ராய் கடையில் இருந்தான், நான்தான் பிரித்தேன். ஒரே வரி. படிவத்தின் பின்பக்கத்தில் எழுதப்பட்டவை பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படுவதில்லை.